மழையும் வியர்வையும்: பெண்களுக்கான ஹார்ட்ஷெல் ஜாக்கெட்

ஹார்ட்ஷெல் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது சீட்டில் அச்சிட்ட எண்களைத்தான். நீர் தாங்கும் திறன் 20,000, ஆவி வெளியேற்றம் 25,000, மூன்றடுக்கு, எடை இத்தனை கிராம். எண்களில் பொய் இல்லை. ஆனால் அதே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினால் தெரியவரும் எதுவும் அந்தச் சீட்டில் இருக்காது. இடுப்பிலிருந்து துணி எவ்வளவு ஏறுகிறது, மார்பின் குறுக்கே எங்கே பிடிக்கிறது, மணிக்கட்டு வெளியே வந்துவிடுகிறதா, ஹூடுக்குள் பின்னல் எங்கே போய் முட்டுகிறது: மலையில் உங்களை நனைய விடுவதும் காப்பதும் பெரும்பாலும் இவைதான். அதனால் இந்த அத்தியாயத்தில் துணிக்கு முன்னால் உடல் வருகிறது. உடலுக்கும் முன்னால் இடம்.

எங்கே போகிறீர்கள்?

ஹார்ட்ஷெல் வெளியடுக்கு மட்டும்தான். அதற்குள் இறகும் இல்லை, பஞ்சும் இல்லை. தானாக அது சூடு தராது. குளிருக்கு உள்ளே ஃபிளீஸும் இறகு அடைத்த டவுனும் இருக்கின்றன. அவற்றை அடுக்குகள் பற்றிய அத்தியாயத்தில் பார்த்தோம். இதன் வேலை இரண்டு. வெளியிலிருந்து வரும் மழையையும் காற்றையும் நிறுத்த வேண்டும். உள்ளிருந்து கிளம்பும் வியர்வை ஆவியை முடிந்தவரை வெளியே விட வேண்டும்.

இந்த இரண்டாவது வேலை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்காது. ஜாக்கெட்டுக்குள் வெம்மையும் ஈரப்பதமும் மிகுந்து, வெளியே குளிர்ந்து வறண்டிருந்தால்தான் ஆவி துணியைக் கடந்து போகும். ஜூலை மாத வால்பாறையிலோ ஆகும்பேயிலோ வெளிக்காற்றே நீராவியால் நிறைந்திருக்கிறது, பெரிய குளிரும் இல்லை. அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டும் பிளாஸ்டிக் உறைபோல்தான் நடந்துகொள்ளும்; அரைமணி ஏறினால் மழையில் நனையாத உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்கால நடைக்கு மட்டும் என்றால் ஹார்ட்ஷெல் வாங்காதீர்கள். அக்குளில் காற்றுப் போகும் மலிவான ரெயின்கோட், இல்லையென்றால் போஞ்சோ போதும். காற்று குறைவான காட்டுப் பாதையில் குடையை மிஞ்சிய மலையேற்றக் கருவி கிடையாது என்பது என் கட்சி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

குளிர்காலக் கேதார்கந்தா ஏற்றத்துக்கும் பெரும்பாலான நாட்களில் இது கட்டாயமில்லை. 3,800 மீட்டர் உயரத்தில் டிசம்பர், ஜனவரியில் விழுவது உலர்ந்த பனி. தோளைத் தட்டினால் உதிர்ந்துவிடும். அங்கே எதிரி காற்று. காற்றைத் தடுக்கும் நல்ல சாஃப்ட்ஷெல்லும் பைக்குள் மெல்லிய மழை ஜாக்கெட்டும் இருந்தால் சமாளிக்கலாம்.

ஹார்ட்ஷெல்லின் அருமை தெரிவது பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஈரமும் காற்றும் சேர்ந்து வரும்போது. மணாலிக்கு மேலேயுள்ள ஹம்ப்டா கணவாய் இதற்குச் சரியான பாடம். ஜூலை, ஆகஸ்டில் குலு பக்கம் பருவமழை. கீழே தூறலில் கிளம்பி, சுமார் 4,270 மீட்டரில் கணவாயை நெருங்கும்போது அது பாதி மழை, பாதி பனியாகக் கொட்டும். கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கினால் மழை மறைவுப் பிரதேசம். வறண்ட கல், வெட்டும் காற்று. நனைந்த உடையோடு அந்தக் காற்றில் நிற்பவருக்கு உடல் வெப்பம் இறங்க, பனி உறையும் குளிர் தேவையில்லை; ஐந்து டிகிரி போதும். ஒரே நாளில் மழைக்கும் காற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய இந்த மாதிரி இடத்துக்காகத்தான் ஹார்ட்ஷெல் உருவானது. ஃபிரெண்ட்ஷிப் சிகரம் போல 5,200 மீட்டரைத் தாண்டும் ஏற்றங்களில் இதோடு கயிறு, அதை உடலோடு பிணைக்கும் ஹார்னெஸ், பனிக்கோடரி எல்லாம் சேர்கின்றன. குல்மர்கில் கோண்டோலா ஏறி 3,900 மீட்டருக்கு மேலிருந்து பனிச்சறுக்கு இறங்குபவருக்குத் தேவை வேறு: வேகம், விழுதல், மணிக்கணக்கில் பனியில் புரளுதல்.

ஆக மூன்று வகை. நடைப்பயணத்துக்கு 250 முதல் 350 கிராம் வரை உள்ள மெல்லியது. கயிறோடு ஏறுவதற்கு 350 முதல் 500 கிராம் வரை, தோளும் முழங்கையும் உறுதியானது. பனிச்சறுக்குக்கு 500 கிராமுக்கு மேல், நீளமாக, தாராளமாக. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுவிலுள்ளதை வாங்குங்கள். அதை நடைக்கும் கொண்டுபோகலாம், சறுக்குக்கும் ஒப்பேற்றலாம். மெல்லியதை எடுத்துக்கொண்டு பாறையில் உரசினால் ஒரு பருவத்தோடு கதை முடியும்.

உடல்

மலையேறும் பெண்ணுக்கும் அவள் உடைக்கும் நடந்த சண்டை பழையது. 1907இல் லண்டனில் தொடங்கிய பெண்கள் ஆல்பைன் சங்கத்தின் முதல் தலைவர் லிஸ்ஸி லெ பிளாண்ட், ஊர் எல்லை வரை பாவாடையில் போய், மலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்சட்டையோடு ஏறுவார். ஒருமுறை பாவாடையை மலையிலேயே விட்டுவிட்டார். அது இல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாதென்று மறுபடி ஏறிப்போய் எடுத்துவந்ததாகச் சொல்வார்கள். 1975இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண்ணான ஜுங்கோ தாபேயின் குழு, கையில் காசு போதாமல், பழைய கார் இருக்கைத் துணியை வெட்டி நீர்புகாப் பைகளும் மேலுறைக் கையுறைகளும் தைத்துக்கொண்டது. இன்று எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் பெண்களுக்கென்று தனி மாதிரி உண்டு. ஆனால் ஆண்களின் ஜாக்கெட்டைச் சுருக்கி ரோஜா நிறம் பூசியதற்கும், பெண் உடலை அளந்து வெட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல பெண்கள் வெட்டில் தோள் குறுகலாகவும், இடுப்புக்குக் கீழே விரிந்தும், கை சற்றுக் குட்டையாகவும் இருக்கும். அப்படியும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் மனதில் வைத்து வெட்டுவது நம்மைவிட உயரமான பெண்களை. ஐந்தடிக்குச் சற்று மேல் இருக்கும் ஒருவர் அவர்களுடைய சின்ன அளவை அணிந்தால் மார்பளவு சரியாக இருக்கும், கை மட்டும் விரல்களை மூடும். கை நீளம் பெரிய குறை அல்ல; மணிக்கட்டுப் பட்டியை இறுக்கினால் நின்றுவிடும். கவனிக்க வேண்டியது முழங்கை. நல்ல ஜாக்கெட்டில் அந்த இடத்தில் துணியை வளைத்துத் தைத்திருப்பார்கள். கை நீளமாகிப்போனால் அந்த வளைவு உங்கள் முன்கையில் வந்து நிற்கும், முழங்கை மடங்கும் இடத்தில் துணி விறைத்துக்கொள்ளும். கையை மடக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த அளவுக்காரர்கள் ஜப்பானிய மான்ட்பெல் நிறுவனத்தின் ஜாக்கெட்டுகளை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. பதின்வயதினருக்கான அளவில் வாங்கினால் விலை பாதியாகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. நடைக்குச் சரி. ஆனால் அவற்றில் இடுப்பு விரிவு இருக்காது. ஹெல்மெட் நுழையும் ஹூடும் அக்குள் ஜிப்பும் பெரும்பாலும் இருக்காது.

இன்னொரு பொறி, இடுப்புக்காக அளவைக் கூட்டுவது. மார்புக்கு மீடியம் போதும், இடுப்பில் இறுகுகிறது, அதனால் லார்ஜ் என்று எடுத்தால் தோள் தொங்கும், ஹூட் கண்ணை மறைக்கும், உள்ளே வெற்றுக் காற்று சுற்றும். அளவைக் கூட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். கீழ் விளிம்பின் இழுகயிறு முழுக்கத் தளர்ந்திருக்கிறதா? முன் ஜிப் கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப்பா? அடியில் நாலு விரல் திறந்து விட்டாலே பல ஜாக்கெட்டுகள் இடுப்பில் அமர்ந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குப் போங்கள். ஒவ்வொருவரின் வெட்டும் ஒவ்வொரு மாதிரி. தோள் அகன்று, உடல் நீண்டவர்கள் ஆண்கள் பிரிவின் சின்ன அளவையும் தயங்காமல் போட்டுப் பார்க்கலாம். மலைக்கு எந்தப் பிரிவில் வாங்கியது என்று தெரியாது.

கடைக்குப் போகும்போது, மலையில் உள்ளே போடப்போகும் உடைகளையே அணிந்து போங்கள்: உள்ளாடை, ஃபிளீஸ், அதற்கு மேல் மெல்லிய டவுன். சென்னை வெயிலில் இது கொடுமைதான். கடையில் ஏசி இருக்கும். பருத்திக் குர்த்தாவுக்கு மேல் போட்டுப் பார்த்து வாங்கிய ஜாக்கெட், இறகு அடுக்கை நசுக்கி அதன் சூட்டைப் பறித்துவிடும். ஹார்னெஸ் இருந்தால் அதையும் எடுத்துப் போய் மேலே கட்டுங்கள். இப்போது இரு கைகளையும் முழுக்கத் தூக்குங்கள், ஏணியில் மேல்படியைப் பிடிப்பதுபோல. ஜாக்கெட்டின் அடி ஹார்னெஸ் பட்டையிலிருந்து உருவி வெளியே வந்தால் அது ஏறுவதற்கு ஆகாது. ஒவ்வொரு முறை எட்டும்போதும் வெளியே வரும், திரும்ப உள்ளே செருகிக்கொண்டே இருக்க வேண்டும். கைகளை முன்னால் குறுக்கே போட்டு உங்களையே கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் துணி இழுத்தால் அளவு போதவில்லை. முழங்காலை இடுப்புவரை தூக்குங்கள். மார்பளவு கூடியவர்களுக்கு இன்னொன்று: பக்கவாட்டிலிருந்து கண்ணாடியில் பாருங்கள். மார்பில் துணி போதாவிட்டால் முன்பக்க விளிம்பு மேலே தூக்கி நிற்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று ஏறும்.

நீளம் எவ்வளவு? ஏறுபவருக்கு இடுப்பெலும்பைத் தாண்டி ஒரு சாண். சறுக்குபவருக்குப் பின்புறம் முழுக்க மூட வேண்டும். நடைப்பயணிகளில் சிலர் தொடைவரை நீண்டதை விரும்புகிறார்கள். திறந்த வெளியில் ஒதுங்கும்போது அது மறைவு தரும் என்பதால். நியாயமான காரணம், இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஹார்னெஸோடு அந்த நீளம் தொல்லை. அங்கே கைகொடுப்பது மறுபடியும் இருவழி ஜிப்தான்: கீழிருந்து திறந்தால் ஹார்னெஸ் முடிச்சு வெளியே நிற்கும், கயிறைக் கழற்றாமலே கீழுடையைச் சரிசெய்துகொள்ளலாம். கயிறேற்றம் கற்கப் போகும் பெண்கள் வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம்.

தலையும் தலைமுடியும்

ஹூட் சரியில்லாத ஹார்ட்ஷெல்லை அரை ஜாக்கெட் என்றே எண்ணுங்கள். ஏறுபவர்களுக்கும் சறுக்குபவர்களுக்கும் ஹெல்மெட்டுக்கு மேல் போகும் ஹூட் வேண்டும். ஹெல்மெட் இல்லாதபோது பின்னால் உள்ள இழுகயிறால் தலையளவுக்குச் சுருங்கவும் வேண்டும். ஜிப்பை மோவாய்வரை ஏற்றி, ஹூடை இறுக்கி, தலையை வலமும் இடமும் திருப்புங்கள். ஹூட் முகத்தோடு திரும்ப வேண்டும். முகம் மட்டும் திரும்பி, கண்ணுக்கு முன்னால் ஹூடின் உட்பக்கம் வந்தால், பாறை விழும் சத்தம் கேட்டுத் திரும்பும் நேரத்தில் நீங்கள் பார்ப்பது நைலான் துணியைத்தான்.

நீண்ட கூந்தல் உள்ளவர்கள் அதோடுதான் சோதிக்க வேண்டும். உச்சிக் கொண்டையும் குதிரைவாலும் ஹெல்மெட்டுக்கு ஒத்துவராது. ஹெல்மெட் முன்னால் சரியும். கழுத்தடியில் தொடங்கும் தளர்ந்த பின்னலே வசதி, அதை ஜாக்கெட்டுக்குள் முதுகோடு விட்டுக்கொள்ளலாம். அப்படி விட்ட பிறகும் காலர் மூடுகிறதா, பின்னல் கழுத்தை இழுக்காமல் தலை குனிய முடிகிறதா என்று பாருங்கள். பெண்கள் வெட்டில் காலரைக் குறுக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. மோவாய் படும் இடத்தில் ஜிப்புக்கு மேல் மென்துணி மடிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றில் உலர்ந்த தோலில் ஜிப் பல் உரசி, இரண்டாம் நாளே புண்ணாகும்.

ஜிப்பும் பையும்

கடினமாக ஏறும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர்வரைகூட வியர்வை விடும். அதை முழுக்க ஆவியாக வெளியே தள்ளும் மெம்பிரேன், அதாவது துணிக்குள் இருக்கும் நீர்புகாப் படலம், எதுவும் இல்லை. அந்த வேலையைச் செய்வது அக்குள் ஜிப். கைக்கடியில் ஒரு முழ நீளம் திறக்கும் இந்த ஜிப், சீட்டில் எழுதியிருக்கும் எந்த எண்ணையும்விட அதிக ஈரத்தை வெளியேற்றும். எடை குறைக்கிறேன் என்று சில மெல்லிய மாதிரிகளில் இதை எடுத்துவிடுகிறார்கள். முன்னூறு கிராமுக்கு மேல் உள்ள ஜாக்கெட்டில் இது இல்லையென்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கையுறையோடு, ஒற்றைக் கையால் அதைத் திறந்து மூட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

முன் ஜிப் ரப்பர் பூசிய வழவழப்பான வகையாக இருந்தால் நீரைத் தாமதப்படுத்தும், முழுவதும் தடுக்காது. அதன் பின்னால் உள்ளே ஒரு மடிப்புத் துணி இருக்க வேண்டும். தையல்கள் எல்லாவற்றின் மேலும் உட்புறம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோளிலும் ஹூடிலும் மட்டும் ஒட்டிவிட்டு நீர்புகாதது என்று விற்பதும் உண்டு. உள்ளே திருப்பிப் பார்த்தால் பிடிபடும்.

பைகள் ஹார்னெஸுக்கும் முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கும் மேலே இருக்க வேண்டும். கையை வசதியாகச் செருகிக்கொள்ளும் தாழ்ந்த பைகள் நகரத்துக்கு. பட்டை கட்டியதும் அவை அடியில் சிக்கிக்கொள்ளும். மார்புப் பையைப் பெண்கள் தனியாகச் சோதிக்க வேண்டும். தட்டையான மார்பை நினைத்து வைத்த பையில் கைபேசியைப் போட்டால், அது மார்பின் வளைவில் படுக்காமல் ஒரு முனையில் குத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் முதுகுப்பையின் நெஞ்சுப் பட்டையும் அழுத்தினால் நாள் முழுக்க வலிதான். சில பெண்கள் மாதிரிகளில், ஆண்கள் மாதிரியில் இருக்கும் ஒரு பையையே நீக்கியிருப்பார்கள். விலையை மட்டும் நீக்குவதில்லை.

சறுக்கு ஜாக்கெட்டில் இடுப்பைச் சுற்றிப் பனி புகாமல் தடுக்கும் உட்பட்டை, இடது முன்கையில் பயணச்சீட்டுப் பை ஆகியவை இருக்கும். பனியில் புதைந்தவரைத் தேட உதவும் ரெக்கோ என்ற சிறு பிரதிபலிப்பான் தைத்த ஜாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. மீட்புக் குழுவிடம் அதற்கான கருவி இருந்தால்தான் அது பயன்படும். பனிச்சரிவுப் பகுதியில் உடலோடு அணியும், சமிக்ஞை அனுப்பும் டிரான்சீவருக்கு அது மாற்று அல்ல. டிரான்சீவர் அணிபவர்கள் காந்தப் பொத்தான் வைத்த ஜாக்கெட்டைத் தவிர்ப்பது நல்லது, காந்தம் அந்தச் சமிக்ஞையைக் குழப்பும்.

நிறம் உங்கள் விருப்பம், ஒரு நிபந்தனையோடு: வெள்ளை, சாம்பல், பாறை நிறம் வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு, அழுத்தமான நீலம் பனியிலும் தெரியும், பாறையிலும் தெரியும்.

இப்போது துணி

1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்லான் கம்பியை மெதுவாக இழுப்பதற்குப் பதில் சட்டென்று வெடுக்கென இழுத்தார். அறுந்துவிடும் என்று எதிர்பார்த்தது பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளோடு ஒரு படலமானது. திவலையாக வரும் நீர் அந்தத் துளையில் நுழையாது, ஆவி நுழையும். அதுதான் கோர்டெக்ஸ். 1970களின் நடுவில் அது ஜாக்கெட்டாக வந்தபோது முதல் தலைமுறை ஒழுகியது. உடலின் எண்ணெய்ப் பசை துளைகளில் படிந்ததுதான் காரணம். பிறகு உட்பக்கம் மெல்லிய பாலியூரித்தேன் படலம் சேர்த்துச் சரிசெய்தார்கள். எண்ணெய்க்கும் இந்தத் துணிக்கும் உள்ள பகை அன்றைக்கே தொடங்கியது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இந்த மெம்பிரேனைத் தனியாக அணிய முடியாது, கிழிந்துவிடும். வெளியே நைலான், நடுவே மெம்பிரேன், உள்ளே மெல்லிய பின்னல் துணி என மூன்றையும் ஒட்டினால் மூன்றடுக்கு. உட்துணிக்குப் பதில் ஒரு பூச்சு மட்டும் இருந்தால் இரண்டரை அடுக்கு. எடை குறைவு, ஆனால் வெறும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், சீக்கிரம் உரியும். உள்ளே தனியாகத் தொங்கும் வலைத்துணி வைத்த இரண்டடுக்கு, கனமானது; நகரத்துக்கும் சறுக்கு விடுதிக்கும் ஏற்றது. மலைக்கு என்றால் மூன்றடுக்கு.

வெளித்துணியின் தடிப்பை டினியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அது. 20, 30 டினியர் நடைக்கு. பாறையும் பனிக்கோடரியும் உண்டென்றால் 40 முதல் 80 வரை. தோளில் மட்டும் தடித்த துணி வைத்தவை நல்ல சமரசம்.

நீர் தாங்கும் திறன் 20,000 மில்லிமீட்டர் என்றால், துணியின் மேல் 20 மீட்டர் உயர நீர்த்தூணை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். மழைத்துளிக்கு இவ்வளவு வேண்டாம். முதுகுப்பைப் பட்டை அழுத்தும் தோளுக்கும், ஈரப் பனியில் உட்காரும் பின்புறத்துக்கும் வேண்டும். 10,000க்குக் கீழே இருந்தால் மலைக்கு வேண்டாம். 20,000க்கு மேல் வித்தியாசம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆவி எண்ணோ பெரிய குழப்பம். ஒரு சதுர மீட்டர் வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி போகிறது என்று சிலர் சொல்வார்கள். அதில் பெரிய எண் நல்லது. ஆர்இடி என்று சிலர் தருவார்கள். அது தடையின் அளவு, சிறிய எண் நல்லது, 6க்குக் கீழே மிக நல்லது. முதல் வகைக்கே பல சோதனை முறைகள் உள்ளன. ஒரே துணி ஒரு முறையில் பத்தாயிரமும் இன்னொன்றில் முப்பதாயிரமும் காட்டக்கூடும். எனவே இரு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

பெயர்களைப் பொறுத்தவரை, கோர்டெக்ஸ் புரோ முரட்டு உழைப்புக்கு. ஈவென்ட், நியோஷெல், ஃபியூச்சர்லைட் போன்றவை காற்றையே சிறிதளவு உள்ளே விடும் வகை; அதிகம் வியர்ப்பவர்களுக்கு இதம், கடுங்காற்றில் சற்றுக் குளிரும். படகோனியா முதல் டெக்கத்லான்வரை பலரும் சொந்த மெம்பிரேன் வைத்திருக்கிறார்கள். விலை ஏழெட்டாயிரம் ரூபாயில் தொடங்கி எழுபதாயிரத்தையும் தாண்டும். நன்றாக அமரும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஜாக்கெட், தோளில் இடிக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் ஜாக்கெட்டைவிட உங்களை உலர்வாக வைத்திருக்கும். மிச்சப் பணத்தில் நல்ல கையுறை வாங்குங்கள்.

வெளித்துணியில் மழை முத்துமுத்தாக உருண்டோடுவது மெம்பிரேனால் அல்ல, நீர்விலக்குப் பூச்சால். அது தேய்ந்தால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். மெம்பிரேன் அப்போதும் நீரை நிறுத்தும். ஆனால் ஈரத்துணி ஆவியின் வழியை அடைத்துவிடும், உள்ளே வியர்வை தேங்கும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் என்பேன். பல ஆண்டுகளாக இந்தப் பூச்சு ஃபுளோரின் கலந்த பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களால் செய்யப்பட்டது. மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுபவை அவை. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் பெரும்பாலான துணிகளில் அவற்றைத் தடைசெய்தது. கடுமழைக்கான ஆடைகளுக்கு மட்டும் 2028வரை அவகாசம். பிரான்சில் ஆடைகளுக்கான தடை 2026 ஜனவரியில் தொடங்கியது. கோர் நிறுவனமும் 2022இல் பாலியெத்திலீன் அடிப்படையிலான புதிய மெம்பிரேனைக் கொண்டுவந்தது. வாங்குபவருக்கு இதில் தெரிய வேண்டியது: புதிய பூச்சுகள் நீரை நன்றாகவே விலக்குகின்றன, எண்ணெயை அவ்வளவாக விலக்குவதில்லை. அடிக்கடி துவைக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு ஹூடைப் போட்டால் காலரும் ஹூடின் உட்பக்கமும் எண்ணெயைக் குடிக்கும். பூச்சு போகும், டேப்பின் பசை இளகும். சன்ஸ்கிரீனும் அப்படியே. மலைக்குக் கிளம்பும் முன் தலைக்குக் குளித்துவிடுங்கள். அங்கே எண்ணெய் வேண்டுமென்றால் தலையைச் சுற்றி மெல்லிய துணிக்குல்லாய் அணியுங்கள்.

துவைக்கப் பயப்படாதீர்கள், துவைத்தால் நீர்விலக்கு போய்விடும் என்பது தலைகீழான பயம். அழுக்குதான் அதைக் கொல்கிறது. சாதாரண சோப்புத்தூளும் துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது. அவை விட்டுப்போகும் படிவு நீரை ஈர்க்கும். நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்ற இதற்கென்ற திரவம் கிடைக்கும். ஜிப்புகளை மூடி, இளஞ்சூட்டு நீரில் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். காய்ந்ததும் சூடு காட்ட வேண்டும். பூச்சு மறுபடி நிமிர்வது சூட்டில்தான். டிரையர் இல்லாத வீட்டில் ஜாக்கெட்டின் மேல் ஒரு துண்டை விரித்து, ஆவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். உள்ளே தைத்திருக்கும் பராமரிப்புச் சீட்டு அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கும் முத்து உருளவில்லை என்றால் புதிய பூச்சுத் திரவம் தடவும் நேரம் வந்துவிட்டது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. பாலியூரித்தேன் உள்ள ஜாக்கெட்டுகள் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் அணியாமலே கெடும். ஈரப்பதம் அந்தப் படலத்தின் கட்டமைப்பை மெல்ல உடைத்து, உட்பக்கம் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். சுருட்டி பிளாஸ்டிக் பையில் கட்டி மேல்பரணில் போட்டால் சென்னையில் இரண்டு மூன்று கோடையில் இது நடக்கலாம். சுத்தமாகத் துவைத்து, முழுக்க உலர்த்தி, காற்றோட்டமுள்ள அலமாரியில் ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

மணாலியில் வாடகைக்கு எடுப்பவர்களும், பழையது வாங்குபவர்களும் உட்பக்கத்தைத் திருப்பி இந்த உரிதலைத்தான் முதலில் தேட வேண்டும். பிறகு தோள் தையல் டேப். வாடகைக் கடைகளில் ஆண் அளவுகளே மிகுதி என்பதால், கிளம்பும் நாள் காலையில் போகாமல் முந்தின நாளே போய் மேலே சொன்ன கை தூக்கும் சோதனையைச் செய்யுங்கள்.

புதிதாக வாங்கியதை வீட்டுக் குளியலறையில் சோதிக்கலாம். வெளிர்நிறப் பருத்திச் சட்டைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு, ஹூடை இறுக்கி, குளிர்ந்த தண்ணீர் ஷவரின் கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள். கைகளைத் தூக்குங்கள், இறக்குங்கள். கழற்றியதும் சட்டையில் ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இருந்தால் நீங்கள் இறுக்கியது போதவில்லை. தோளிலோ முன் ஜிப் நெடுகவோ கோடாக இருந்தால் டேப் அல்லது ஜிப்பின் கோளாறு. பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், அதாவது வாங்கிய வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.